றமீஸா போட்ட நிறம்

1

இந்தக் கதை எனக்குப் பக்கத்து மேசையிலிருந்து கிடைத்தது.

கண்டியில் நான் வேலை பார்க்கும் கந்தோரில், எனக்கு அடுத்த கதிரையில் இருப்பவள் மங்களேஸ்வரி. யாழ்ப்பாணத்துப் பெண். இடமாற்றம் கிடைத்து இங்கே வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு, சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குச் சற்று முன்பு, அவள் கைபேசியில் யாரிடமோ கேட்டாள்:

“அடி, டிப் பவுடருக்கு மேலை சாதாரண கியூட்டெக்ஸ் பூசலாமோ? பூசினால் கீழை இருக்கிறது பழுதாகாதோ?”

மறுமுனையில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. மங்களேஸ்வரி “ஓம்… ஓம்… சரி” என்றாள். கைபேசியை வைத்துவிட்டு விரல்களை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். முன்னால் யாரோ ஒருவருடைய ஓய்வூதியக் கோப்பு திறந்து கிடந்தது. அவள் கண் அதில் இல்லை.

அந்த நாட்களில் நான் கலவரத்தைப் பற்றி ஒரு கதை எழுத முயன்று தோற்றுக்கொண்டிருந்தேன். முந்தைய மாதம்தான் கண்டிக்கு அருகே திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்திருந்தன. எரிந்த கடையை எழுதினால் அது செய்தித்தாள் மாதிரி வந்தது. அழுகிறவர்களை எழுதினால் எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு பெண் நகப்பூச்சைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டு, கோப்பைப் பார்க்க முடியாமல் இருந்ததைக் கண்டபோது, எழுத வேண்டியது இங்கேதான் இருக்கிறது என்று பட்டது.

கியூட்டெக்ஸுக்காகவா ஒரு கலவரக் கதை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். பதில் வராமலே எழுதத் தொடங்கினேன்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

‘அந்தத் திங்கட்கிழமை கண்டி வானத்தில் கரும்புகை எழுந்த…’

[இல்லை. திகனைப் புகை கண்டி நகரத்துக்குத் தெரியாது. இடையில் மலை இருக்கிறது. அன்று நகரத்தில் இருந்த எங்களுக்கு வானம் வழக்கம்போலத்தான் இருந்தது. பயமே அதுதான்.]

‘நகம் என்பது உடலின் உயிரற்ற பகுதி. ஆயினும் அதன் அடியில்…’

[இது கட்டுரை. அதுவும் நல்ல கட்டுரை இல்லை.]

‘இரண்டு பெண்கள் ஓர் அறையில் இருந்தார்கள்.’

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

இரண்டு பெண்கள் ஓர் அறையில் இருந்தார்கள். அஸ்கிரியாவில் சரோஜினிதேவி என்ற ஆசிரியையின் வீடு. கணவர் இறந்தபின் மேல்மாடி அறையைப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இரண்டு கட்டில், ஓர் அலுமாரி, ஒரு ஜன்னல். ஒரு கட்டில் மங்களேஸ்வரிக்கு. மற்றது றமீஸாவுக்கு.

றமீஸா திகனைக்காரி. அங்கே அவளுடைய அண்ணன் ஒரு கடை வைத்திருந்தார். நகரத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்த அழகுநிலையத்தில் நகவேலை செய்தாள். வேலை முடியும்போது கடைசி பஸ் போய்விடும் என்பதால் இங்கே தங்கினாள். கிழமையில் ஒரு நாள் வீட்டுக்குப் போய் வருவாள். நாள் முழுதும் ஊரார் நகங்களுக்கு நிறம் போடுகிறவளின் சொந்த நகத்தில் ஒரு பொட்டு நிறமும் இருக்காது. தொழுகைக்கு முன் ஒழு எடுக்கும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும். பூச்சு இருந்தால் படாது.

இந்த இடத்தில் எனக்கொரு சந்தேகம் வந்தது. மங்களேஸ்வரி சொல்லச் சொல்ல றமீஸா மிகவும் நல்லவளாகிக்கொண்டே போனாள். அப்படி ஒருத்தி கதைக்கு உதவமாட்டாள். “அவங்கக்கிட்ட ஒரு குறையுமே இல்லையா?” என்று கேட்டேன்.

மங்களேஸ்வரி யோசிக்கவே இல்லை. “ஐயோ அக்கா, சரியான கோவக்காரி. என்ர சீப்பை எடுத்தால் திருப்பித் தரமாட்டாள். நான் ஃபோனிலை விவேகானந்தனோடை கதைச்சால் வேணுமெண்டே பக்கத்திலை நிண்டு தும்முவாள்.”

விவேகானந்தன் சுவிற்சர்லாந்தில் இருப்பவர். மங்களேஸ்வரிக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. சித்திரையில் யாழ்ப்பாணம் வந்து பதிவுத் திருமணம் செய்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அவளுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

அடுத்த சந்தேகம் மங்களேஸ்வரியைப் பற்றியது. கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பெண், அறையில் கூட இருந்த ஒருத்திக்காக இப்படி ஏங்குவாளா? வாசகர் நம்புவாரா? காரணம் வேண்டுமே என்று, போரில் காணாமற்போன ஓர் அண்ணனை அவளுக்குக் கொடுத்து ஒரு பக்கம் எழுதினேன். பிறகு வெட்டினேன். ஒரு தோழியைத் தேடுவதற்கு வேறு இழப்பின் சிபாரிசு எதற்கு?

[அவளுக்கு உண்மையிலேயே ஓர் அண்ணன் இருந்தான். “அவனைப் பற்றி மட்டும் எழுதாதேங்கோ அக்கா” என்றாள். எழுதவில்லை.]

4

ஊரடங்குச் சட்டம் போட்ட அன்று அழகுநிலையத்தை அவசரமாக மூடினார்கள். றமீஸா மூச்சிரைக்க அறைக்கு வந்து, வந்த வேகத்திலேயே துணிப்பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். திகனைக்குப் போக வேண்டும் என்றாள். பஸ் இல்லை. முச்சக்கரவண்டிக்காரர் எவரும் அந்தப் பக்கம் வரத் தயாராக இல்லை. நடந்தே போகிறேன் என்றாள்.

சரோஜினிதேவி ரீச்சர் படலையைப் பூட்டித் திறப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

“ரீச்சர், தொறங்க. உம்மா அங்க ஈக்கிற. நானா ஃபோன எடுக்கிறாரில்ல.”

“திறக்கமாட்டன் பிள்ளை.”

“எனக்குப் போகோணும்!”

“எண்பத்து மூண்டுக் கலவரத்திலை இப்பிடி ஒரு படலைக்கு வெளியிலை நிண்டவள் நான். ஆரோ திறந்து உள்ளை இழுத்தவை. நீ இப்ப உள்ளை நிக்கிறாய். நில்லு.”

றமீஸா படலையைப் பிடித்து உலுக்கினாள். ரீச்சரைத் திட்டினாள். ரீச்சர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து படலைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். மங்களேஸ்வரிதான் கடைசியில் றமீஸாவை மேலே கூட்டிப்போனாள். “கையைப் பிடிச்சுக்கொண்டு போனனான். நுள்ளிப்போட்டாள்,” என்று பின்னர் எனக்கு இடது முன்கையைக் காட்டினாள். அடையாளம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த இடம் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை அவளுடைய நானா, அண்ணன் பாயிஸ், தொலைபேசி எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார்கள்.

“கடை போச்சு றமீஸா. முழுக்கப் போச்சு. ஊடு ஈக்கி, ஜன்னல் எல்லாம் ஒடச்சிட்டாங்க. உம்மா நல்லம். பள்ளிவாசல்ல ஈக்கிறாங்க. ரோட்டு தொறந்ததும் கெலிஓயாவுக்கு மாமாட ஊட்டுக்குக் கொண்டு போறன். நீ வராத. அங்கயே ஈ.”

றமீஸா அழவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊரடங்கு தொடர்ந்தது. வெளியே ஒரு வாகனச் சத்தம்கூட இல்லை. வாட்ஸப்பும் முகநூலும் ஓடவில்லை. தொலைபேசி அழைப்பு எப்போதாவதுதான் கிடைத்தது. பின்னேரம் அவள் தன் வேலைப் பையை இழுத்துத் திறந்தாள்.

“கையத் தா.”

“என்னத்துக்கு?”

“ஒண்டும் செய்யாம ஈக்க எனக்கு ஏலா. தா கைய.”

பையில் அக்குறணையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கென்று எடுத்து வைத்த டிப் பவுடர் புட்டிகள் இருந்தன. அந்தக் கல்யாணமும் இப்போது நடக்கப்போவதில்லை. மங்களேஸ்வரி மங்கின ரோசா நிறத்தைத் தொட்டுக் காட்டினாள்.

நான் இதைச் செய்துகொண்டதே இல்லை. ஆகையால் அவள் சொன்னபடி எழுதுகிறேன். முதலில் நகத்தை அராவி, பசை போன்ற ஒரு திரவத்தைப் பூசுவார்கள். ஈரம் காய்வதற்குள் விரலைப் பவுடர்ப் புட்டிக்குள் தாழ்த்தி எடுப்பார்கள். தூரிகையால் தட்டிவிட்டு, திரும்பவும் பசை, திரும்பவும் பவுடர். கடைசியில் இன்னொரு திரவம் பட்டதும் எல்லாம் கல்லாகிவிடும்.

விரல் விரலாக றமீஸா அதைச் செய்தாள். முடிந்ததும் சொன்னாள்:

“இது லேசில அசையாது. நீ பிச்சுக்கிச்சுப் போட்டிராத, ஒண்ட நகமும் சேந்து வரும். நானே கழட்டித் தாரன். ஒண்ட கலியாண எழுத்துக்கு முந்தி வந்து கழட்டிட்டு நல்ல கலர் ஒண்டு போட்டுத் தாரன்.”

“இது நல்ல கலர் இல்லையோ?”

“இது இண்டைக்கி உள்ள கலர்,” என்றாள் றமீஸா.

5

[இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதுகிறேன். அது நடந்ததும் அப்படித்தான்.]

ஊரடங்கு தளர்ந்ததும் பாயிஸ் வந்து தங்கையைக் கெலிஓயாவுக்கு அழைத்துப் போனார். இரண்டு கிழமையில் திரும்பி வருவேன் என்று றமீஸா உடுப்புகளைக்கூட அலுமாரியில் விட்டுவிட்டுத்தான் போனாள். ஆனால் கடை இல்லாத குடும்பத்துக்குச் சம்பளம் தேவைப்பட்டது. மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் கட்டார் நாட்டில், தோகாவில், அழகுநிலையம் வைத்திருந்தார். விசா வந்தது, ரிக்கற் வந்தது. கெலிஓயாவிலிருந்து நேரே கட்டுநாயக்காவுக்குப் போய்விட்டாள். விமான நிலையத்தின் உள்ளே இருந்துதான் மங்களேஸ்வரிக்கு எடுத்தாள்.

“கோவிக்காத,” என்றாள். “வந்து சொன்னா போக ஏலாமப் போகும்.”

மங்களேஸ்வரி கோபித்தாள். சில நாள் பேசாமலிருந்தாள். அதற்குள் நகம் வளர்ந்துகொண்டிருந்தது.

நகத்துக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு அடியிலிருந்து வளர, ரோசா நிறம் மேலே நகர்ந்து, சதையோரத்தில் ஒரு வெற்றுப் பிறை தோன்றியது. பிறை அகன்றுகொண்டே வந்தது. பதிவுத் திருமணத்துக்கு இப்படியா போவாய் என்று கந்தோரில் எல்லாரும் கேட்டோம். எந்த அழகுநிலையத்திலும் அசிட்டோனில் ஊறவைத்துக் கழற்றிவிடுவார்கள், அரை மணி நேர வேலை என்று நானே சொன்னேன்.

“அவள் கழட்டித் தாறன் எண்டவள்,” என்றாள் மங்களேஸ்வரி.

“அவங்க தோகாவுல இருக்காங்களேம்மா.”

“ஓம்.”

அதற்குப் பிறகுதான் அவள் கோபத்தை விட்டு அந்த அழைப்பை எடுத்தாள். முதற் பகுதியில் நீங்கள் கேட்டது. எனக்குக் கேட்காத மறுமுனைப் பதிலை அவளே பிறகு சொன்னாள். றமீஸா வேலை நேரத்தில் ஒளிந்து நின்று பேசினாளாம்.

“போடலாம் புள்ள. முதல்ல அந்த மேடு பள்ளத்த லேசா அராவி மட்டமாக்கு. பொறகு மெல்லிசா ரெண்டு தரம் பூசு, ஒண்டு காஞ்ச பொறகு மத்தது. ரெண்டு மூணு நாள்ல ஒடையும், அதுக்கு ஒண்டும் செய்ய ஏலா. அழிக்கிறத்துக்கு மட்டும் அசிட்டோன் இல்லாத ரிமூவர் வாங்கு. அசிட்டோன் பட்டா நான் போட்டதும் கரஞ்சி போகும்.”

“கரைய விடமாட்டன்.”

“கரஞ்சா என்ன, வேற போடலாந்தானே.”

“ஆர் போடுறது?”

 யாரோ கூப்பிடுகிறார்கள் என்று றமீஸா வைத்துவிட்டாளாம்.

மங்களேஸ்வரி கண்டி நகரத்தில் கடை கடையாகப் போய் அசிட்டோன் இல்லாத ரிமூவர் வாங்கினாள். கருஞ்சிவப்புக் கியூட்டெக்ஸ் ஒன்றும் வாங்கி, மெல்லிசாக இரண்டு தரம் பூசிக்கொண்டு, யாழ்ப்பாணம் போய்க் கையெழுத்து வைத்தாள். படத்தில் நகம் வடிவாகத்தான் இருந்தது.

விவேகானந்தனை ஒரு முரடனாக எழுதிப் பார்த்தேன்; கதைக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அவர், கையைப் பார்த்து, “இது ஏன் நடுவிலை ஒரு வரம்பு மாதிரி?” என்று கேட்டிருக்கிறார். இவள் முழுவதையும் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டுவிட்டு, “சரி, அப்ப கவனமா வச்சிரும்” என்றாராம். இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

6

விடுமுறை முடிந்து வந்த பிறகு ஒரு சனிக்கிழமை. “அக்கா, கெலிஓயாவுக்குப் போகோணும். றமீஸான்ரை உடுப்புகளைத் தாயிட்டைக் குடுக்கோணும். துணைக்கு வாறீங்களோ?” என்று கேட்டாள்.

“வாங்க, போவோம்,” என்றேன். கதைக்குப் பொருள் கிடைக்கும் என்ற எண்ணமும் இருந்தது, மறைக்கவில்லை.

மாமாவின் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்தவர் றமீஸாவின் தாய் ருக்கியா. மெலிந்த பெண்மணி. முக்காட்டைச் சரி செய்துகொண்டே, “வாங்கொ, உள்ளுக்கு வாங்கொ, இரிங்கொ,” என்றார். உடுப்புப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தேத்தண்ணீர் வந்தது.

பேச்சு எங்கெங்கோ போய் மகளின் வேலையில் வந்து நின்றது.

“எனக்கு அந்த வேல புடிக்கிறல்ல. ஒழு சேராத சாமான ஆக்களுக்குப் பூசி என்ன சம்பாத்தியம் எண்டு ஏசுவன். ஒரு நாளாவது அவட வேலயப் போய்ப் பாத்தீக்கேனா? இல்ல. இப்ப அந்த வேலதான் எங்க எல்லாருக்கும் சோறு போடுது.”

பிறகு அவர் கண் மங்களேஸ்வரியின் கைக்குப் போனது.

“இது அவ பூசினதா?”

“மேலை இருக்கிறது நான் பூசினது, அம்மா. அவள் போட்டது கீழை இருக்கு.”

“கீழயா?”

“ஓம். இதை அழிச்சால் தெரியும்.”

ருக்கியா உடுப்புப் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு, “அழிங்கொ, பாப்பம்,” என்றார்.

மங்களேஸ்வரி கைப்பையிலிருந்து பஞ்சையும் ரிமூவரையும் எடுத்தாள். அந்த வாசம் கூடத்தில் பரவியது. வலது கை மோதிர விரல். கருஞ்சிவப்பு பஞ்சில் ஏறிக்கொண்டு வந்தது. அடியில் பாதி நகம் வெறும் நகமாக இருந்தது. மேற்பாதியில் மங்கின ரோசா. சில விரல்களில் ஏற்கெனவே கழன்று விழுந்திருந்தது. அங்கெல்லாம் சிவப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. மிஞ்சியதை ஒவ்வொன்றாகத் துடைத்துக் காட்டினாள்.

ருக்கியா எழுந்துபோய்க் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, தரையில் அவளருகே உட்கார்ந்தார். விரலை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். தன் பெருவிரலால் அந்த நிறத்தைத் தடவினார்.

“இது எப்ப போட்டது?”

“கடை எரிஞ்சதுக்கு மற்ற நாள்.”

“அண்டைக்கா? அண்டைக்கா இதப் போட்டா?” அவர் குனிந்து பார்த்தார். “கை நடுங்கல்லயே. கோடு நேரா ஈக்கி…”

“இந்தச் சின்ன விரலிலை மட்டும் கொஞ்சம் தடிப்பு, அம்மா. தடவிப் பாருங்கோ. இது போடேக்கைதான் நீங்கள் பள்ளியிலை இருந்து எடுத்தனீங்கள். உங்கடை குரலைக் கேட்டதும் பவுடரைக் கூடக் கொட்டிப்போட்டாள்.”

ருக்கியா தடவினார். தடிப்பு அவருக்குத் தட்டுப்பட்டது. எனக்கு அவர் முகம் தெரிந்தது. அதை விவரித்து மூன்று வாக்கியம் எழுதி, மூன்றையும் எடுத்துவிட்டேன்.

“தேத்தண்ணி ஆறப் போகுது, குடிங்கொ,” என்றார் ருக்கியா. ஆனால் மங்களேஸ்வரியின் கையை விடவில்லை. அவள் இடது கையால் கோப்பையை எடுத்துக் குடித்தாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் மங்களேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். பேராதனைப் பாலம் தாண்டும்போது, “அக்கா, அவளைச் சரியாத் தேடுது,” என்றாள்.

யாழ்ப்பாணத்தார் ‘ஞாபகம் வருகிறது’ என்பதை இப்படிச் சொல்வார்கள். அன்றுவரை எனக்கு அந்தச் சொல்லின் முழுக் கனம் தெரிந்ததில்லை. தேடுவது அவளில்லை, ஏதோ ஒன்று அவளுக்குள் இருந்து தேடுகிறது.

7

முடிவுகள்.

முதல் முடிவு: பெருநாளுக்கு றமீஸா விடுமுறையில் வருகிறாள். அஸ்கிரியா அறையில் உட்கார்ந்து, சொன்னபடி, மிஞ்சியிருந்த நிறத்தைத் தன் கையால் கழற்றுகிறாள். நன்றாகத்தான் எழுதினேன். ஆனால் தோகாவில் முதல் வருடத்தில் யாருக்கும் விடுமுறை கிடையாது. நகமும் யாருக்காகவும் நிற்கவில்லை. ஒரு நாள் மங்களேஸ்வரி வெறும் நகத்தோடு கந்தோருக்கு வந்தாள். “முழுக்க வளர்ந்து போட்டுது அக்கா. நுனியை வெட்டினன்,” என்றாள். வெட்டியதை என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் முடிவு: அந்த ஆண்டின் கடைசியில் மங்களேஸ்வரிக்கு சுவிற்சர்லாந்து விசா கிடைக்கிறது. விமானம் தோகாவில் மாற வேண்டும். விமான நிலையத்தில் ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள். கண்ணாடியில் உள்ளங்கைகளை…

[அந்த வரியை முடிக்கவில்லை. விசாரித்தேன். அப்படி ஒரு கண்ணாடி அங்கே இல்லை. மாறிப் போகிற பயணிகள் இருக்கும் இடத்துக்கு வெளியிலிருந்து யாரும் வரவும் முடியாது, பார்க்கவும் முடியாது.]

நடந்ததை, எனக்குத் தெரிந்த மட்டும், சொல்கிறேன்.

விசா கிடைத்தது உண்மை. தோகாவில் மாறியதும் உண்மை. பின்னேரம் முழுவதும் காத்திருக்க வேண்டிய மாற்றம். றமீஸாவுக்கு அன்று வேலை. முதலாளியம்மாவிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, உள்ளே போக முடியாது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே விமான நிலையத்துக்குப் போனாள். வருகிறவர்களைக் கூட்டிப்போக ஆட்கள் நிற்கும் இடத்தில், வராத ஒருத்திக்காக நின்றாள். கட்டடத்தின் உள்ளே, எத்தனையோ கதவுகளுக்கு அப்பால், மங்களேஸ்வரி ஒரு கதிரையில் இருந்தாள். அடுத்த விமானத்தில் ஏறச் சொல்லும் அறிவிப்பு வரும் வரை இருவரும் கைபேசியில் பேசிக்கொண்டேயிருந்தார்கள்.

சுவிற்சர்லாந்து போய்ச் சேர்ந்தபின் அவள் எனக்கு எடுத்தாள். “ஒரே கூரைக்குக் கீழை நிண்டனாங்கள் அக்கா,” என்றாள். குரல் உடையவில்லை. மகிழ்ச்சியா துக்கமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். எழுதுகிறவள் கேட்காமல் இருப்பேனா?

“அது உங்கடை கதைக்கு வேண்டாம்,” என்றாள்.

ஆகையால் என்னிடம் அந்தப் பேச்சு இல்லை. கற்பித்து எழுதலாம்; பலமுறை எழுதினேன். என் றமீஸா அதிகம் பேசினாள், என் மங்களேஸ்வரி அழுதாள், இரண்டும் பொய்யாக ஒலித்தன. என்னைவிட உங்களுக்கு அது நன்றாக வரக்கூடும். கடல் தாண்டிப் போய்விட்ட யாரோ ஒருவர் உங்களுக்கும் இருப்பார். ஒரு பின்னேரம் அவரும் நீங்களும் ஒரே கட்டடத்தில், ஒருவரை ஒருவர் காண முடியாமல், கைபேசியை மட்டும் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரியை மட்டும் மங்களேஸ்வரி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அதைத் தருகிறேன். றமீஸாதான் தொடங்கியிருக்கிறாள்:

“நான் வந்துட்டன். நீ எந்தப் பக்கத்துல ஈக்கிற?”